பலாமரத் திருப்பத்தில் வண்டியை நிறுத்திய நீதியாளருக்கு

பச்சைமலைச் சாரலில் பிறந்து, பாதி வாழ்வைப் பேருந்துப் படிக்கட்டில் கழித்து, காரை பெயர்ந்த எங்கள் மன்றத்துக்குக் கண்ணியம் சேர்த்த பெருந்தகையே! நெரிசலில் நின்றபடியே நெஞ்சம் விரியக் கற்ற நேயரே! முன்னிருக்கை, பின்னிருக்கை என்று மனிதரைப் பிரித்தறியாத மாண்பாளரே! ஓடி வருகிறவருக்காக ஒரு நொடி தாமதிக்கத் தெரிந்த உத்தமரே! பச்சைமலைப் பழங்குடி மக்கள் இணக்க மன்றத்தின் தலைமை உறுப்பினர், உயர்திரு நல்லதம்பி அவர்களே! பணிந்து வணங்குகிறோம்.

இதற்கு மேல் உம்மை நேர்முகமாக விளித்துப் பேச எங்களுக்குத் துணிவில்லை. காரணம் இருக்கிறது. விழா என்று வாயெடுத்த அன்றே ஐயா கறாராகச் சொல்லிவிட்டார்: "மூஞ்சிக்கு நேரா என்னைப் புகழ்ந்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிட்டே இருப்பேன். ஒரு டீயக் குடுத்து அனுப்பி வைங்க, போதும்." சொன்னால் செய்கிறவர். ஆகவே, அவையோரே, இனி இம்மடலில் வருகிறவர் ‘அவர்’. வேறு எந்த ஊரிலோ இருந்த எவரோ ஒருவர். யாருடைய கதையோ என்று ஐயா நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். மருதாயி அம்மா, தங்கள் கணவர் எழுந்தால் வேட்டி நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

வெளியூர் விருந்தினருக்காக எங்கள் மன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் தேன் டின்கள் அடுக்கிய கிடங்குதான் எங்கள் கட்டடம். இன்றும் மழை நாளில் சுவரில் எறும்பு ஊரும். மலை ஊர்களில் வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை, முறிந்த கல்யாணப் பேச்சு, மூத்தவன் இளையவன் மனத்தாங்கல் என்று வருவதையெல்லாம் அந்தந்த ஊர் வழக்கப்படி கேட்டு, மூன்று உறுப்பினர்கள் தீர்த்து வைக்கிறார்கள். மூவரில் ஒருவர்கூடச் சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை! வேறு வேலையில் தலை நரைத்தவர்களே இங்கே நீதி சொல்ல உட்கார்கிறார்கள்.

உட்காருமுன் ஒரு வழக்கம் உண்டு. அதற்குத் ‘தொழில் சொல்லுதல்’ என்று பெயர். மூவரும் எழுந்து நின்று, முன்பு தாம் பார்த்த வேலையையும், அந்த வேலையால் தம் மனத்தில் படிந்துபோன சாய்வையும் வழக்காளிகளிடம் உரக்கச் சொல்ல வேண்டும். விக்கிரமங்கலத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகள் இந்த மலையில் கிராமச் செவிலியராக இருந்த புஷ்பவல்லி அம்மையார் முதலில் எழுவார். "நான் நர்ஸா இருந்தேங்க. யாராச்சும் வலிக்குதுன்னு சொன்னா மொதல்ல அவங்க பக்கம் சாஞ்சுடுவேன். பாத்துக்குங்க." அடுத்து லப்பைக்குடிக்காட்டு பீர் முகமது பாய். பதினெட்டு ஆண்டுகள் சவூதியின் தம்மாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். "ஒசரத்துலேருந்து பாத்தே பழகிட்டேன். கீழ இருக்கறதெல்லாம் சின்னதாத் தெரிஞ்சுடும். அப்படிப் பேசினா ஞாபகப்படுத்துங்க, அல்லாவுக்காக." மூன்றாவதாக அவர் எழுவார். "நான் கண்டக்டர். இருபத்தொம்பது வருஷம். லேட்டா வந்தா கோவம் வரும். நின்னுக்கிட்டே வர்றவங்களப் பாத்தா எரக்கம் வரும். அவ்வளவுதான்."

இதோடு முடிந்துவிடாது. வந்த வழக்கு ஓர் உறுப்பினரின் பழைய தொழிலைத் தொட்டுவிட்டால், அவர் நாற்காலியை விட்டு இறங்கி, கீழே விரித்த பச்சை ஜமுக்காளத்தில் சனங்களோடு சனமாக உட்கார்ந்துவிட வேண்டும். அன்று அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை கிடையாது. கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காவிட்டால் வாய் திறக்கக் கூடாது. பிரசவம் பற்றிய வழக்கென்றால் நர்சம்மா இறங்கிவிடுவார். இந்த மலையில் கிரேன் ஏது? அதனால் பதினோரு ஆண்டுகளில் பாய் ஒரு முறைகூட இறங்கியதில்லை. ஜமுக்காளத்தில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

நடத்துநராக இருந்தவர் நீதியாளரானால் எப்படியிருக்கும் என்பதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். வந்தவுடன் தலை எண்ணுவார். ஒரு தலை குறைந்தாலும் வழக்கைத் தொடங்க மாட்டார். "வரட்டும், ஓடி வந்துக்கிட்டிருப்பாங்க" என்பார். வாசலில் கூட்டம் அடைத்து நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு" என்று கை தானாகக் காற்றைத் தள்ளும். எவரையும் அவர் உண்மையைச் சொல் என்று உருட்டியதில்லை, மிரட்டியதில்லை. அவரிடம் இரண்டே கேள்விகள். ஒன்று, "எங்க ஏறினீங்க?" மற்றது, "எங்க எறங்கணும்?"

இந்த இரண்டு கேள்வியின் அருமையைச் சொல்லாமல் போனால் எங்களுக்கு உறக்கம் வராது. மக்காச்சோளத்தை ஆடு மேய்ந்துவிட்டது என்று இரண்டு பங்காளிகள் வந்தார்கள். ஆட்டையும் கூட்டி வந்திருந்தார்கள். "ஆட்ட விடுங்க. சண்ட எங்க ஏறிச்சு?" என்றார் அவர். தோண்டத் தோண்ட, பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு கல்யாணப் பந்தியில் போய் நின்றது. பாயசம் இரண்டாம் முறை இந்த இலைக்கு மட்டும் வரவில்லையாம்! மறு அமர்வுக்குப் பங்காளி ஒருவர் தூக்குவாளி நிறையப் பாயசத்தோடு வந்தார். ஆடு அதற்குள் பாதி ஜமுக்காளத்தை மென்றுவிட்டிருந்தது. அந்தக் கிழிசலை இப்போதும் மேடைக்கு இடப்புறம் காணலாம்.

அப்புறம், அவருடைய விசில். பணி நிறைவடைந்த நாளில் கழுத்தில் தொங்கியதை அப்படியே கொண்டுவந்துவிட்டார். மன்றத்தில் வாய்ச்சண்டை முற்றினால் ஒரே ஒரு ஊதல். ஒற்றை விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும் என்பது மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கைகலக்கப் போனவர்கள்கூடக் கல்லாய் நின்றுவிடுவார்கள். இரட்டை விசில் மட்டும் அவர் இங்கே ஊதியதே இல்லை. எங்கள் அலுவலக உதவியாளர் கலையரசன் ஒருமுறை ஆசையாய்க் கேட்டபோது, "ரெண்டு விசில் அடிச்சா வண்டி கெளம்பிடும்டா. யாராவது ஒருத்தர் விட்டுப் போயிருப்பாங்க. இங்க யாரையும் விட்டுட்டுப் போவ முடியாது" என்று மறுத்துவிட்டார்.

இப்போது அந்த நாளைச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை. சொல்லக் கூடாது என்று அவர் எங்களுக்குத் தடை போட்டிருக்கிறார். ஆனால் இது வேறு எவருடைய கதையோதானே!

அன்று அரியலூரிலிருந்து கீதாஞ்சலி என்கிற வழக்கறிஞர் வந்திருந்தார். சட்டம் படிக்காதவர்கள் நீதி சொல்லலாமா, கூடாதா என்று ஆராய்ந்து அறிக்கை தரச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மையார் கூடாது என்று எழுதினால் மூவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மன்றத்தையும் பூட்ட வேண்டியதுதான். நாங்கள் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தோம். பாய் புதுச்சட்டை போட்டிருந்தார். அவர் மட்டும் அதே வெளுத்த வேட்டி சட்டையில் வந்து, வழக்கம்போலத் தலை எண்ணினார்.

வழக்கு, வேங்கையடிக்கும் நாவலூற்றுக்கும். இரண்டும் மலைமேல் ஒரே சாலையில் இருக்கும் ஊர்கள். வேங்கையடி கீழே, நாவலூற்று ஒரு மைல் மேலே. அப்போதெல்லாம் பேருந்து வேங்கையடிப் பலாமரத் திருப்பத்தோடு திரும்பிவிடும். இந்தத் தடத்துக்கு ஒரு நிழற்குடை கட்டித்தர இருந்தார்கள். நிழற்குடை எங்கேயோ, வண்டி இனி அங்கேதான் திரும்பும். வேங்கையடிக்காகப் பேச எழுந்தவர் முத்துசாமி. வேறு யாருமில்லை, மருதாயி அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். அவருக்குச் சொந்த மச்சான்.

பேருந்து என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் எழுந்துவிட்டார். "இது என் தொழிலு. நான் எறங்கறேன்" என்று நாற்காலியை விட்டு இறங்கி, ஆடு கடித்த ஓரமாகப் பார்த்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். கீதாஞ்சலி அம்மையார் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"மலைக்கு பஸ்ஸு வந்த நாள்லேருந்து பலா மரத்தடியிலதாங்க நிக்குது, அங்கதான் திரும்புது" என்றார் முத்துசாமி. "இது எங்க ஊரு வழக்கம். யாரு மாத்த முடியும்? சொல்லுங்க பாப்பம்!" வேங்கையடிக்காரர்கள் ஒட்டுமொத்தமாகத் தலையாட்டினார்கள். எங்கள் மன்றத்தில் பழைய வழக்கம் என்று மெய்ப்பட்டுவிட்டால் அதை மாற்றுவதில்லை.

நாவலூற்றுக்காக எழுந்தவர் ஆண்டாயி. "நான் வாக்கப்பட்டு வந்து முப்பத்தோரு வருஷமாச்சுங்க. அரிசி மூட்டைன்னா தலையில, புள்ளைன்னா இடுப்புல, ஒரு மைலு ஏத்தம். போன ஐப்பசியில எம் மருமவ நெறமாசத்தோட ஒக்காந்து ஒக்காந்து எறங்கி வந்தா. பாதியில ஒரு பாறை இருக்கு, ரெண்டு ஊருக்கும் நடுவுல. அதுவரைக்கும் வரச் சொல்லுங்க. பாதி தூரத்த நாங்க நடக்குறோம், பாதிய அவங்க நடக்கட்டும். பழைய வழக்கம்னு காட்ட எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நர்சம்மாவும் பாயும் குனிந்து பேசினார்கள். இருவர் முகத்திலும் வருத்தம் தெரிந்தது. ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே! வேங்கையடிக்கே நிழற்குடை என்று எழுதச் சொல்லப் பாய் தொண்டையைச் செருமினார். நாங்களும் பேனாவைத் திறந்துவிட்டோம்.

ஜமுக்காளத்தில் அவர் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றிப் பின்னாளில் அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. விதிப்படி அவர் பேசாமல் இருக்கலாம். ஒருவரும் குறை சொல்ல முடியாது. பேசினால் மச்சான் முகம் என்னவாகும்? பெண் எடுத்த ஊரில் பச்சைத் தண்ணீராவது கிடைக்குமா? பின்வரிசையில் அரியலூர் வக்கீலம்மா உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் நீதிபதியின் லட்சணம் இதுதான் என்று அவர் எழுதிவிட்டால், தன்னோடு சேர்ந்து நர்சம்மாவும் பாயும் அல்லவா அவமானப்படுவார்கள்? இவ்வளவையும் நினைத்தாராம். ஆனால் கண் மட்டும் ஆண்டாயியின் காலை விட்டு நகரவில்லையாம். பித்தவெடிப்பு வெடித்த கால். அவருக்கு நெஞ்சு வலித்ததாம். வாய்விட்டு அழுதுவிடுவோமோ என்று பயந்தாராம்.

திடீரென்று ஒரு விசில்! ஒற்றை விசில்!

மன்றமே நின்றது. பாய் வாய் திறந்தபடியே திகைத்தார். "நல்லதம்பி அண்ணே, என்ன?"

"வண்டிய நிறுத்துங்க பாய். ஒரு ஆளு எறங்கணும்."

"யாரு?"

"நான்தான். என்னைய ஒரு கேள்வி கேளுங்க. பஸ்ஸு மொதல்ல எங்க நின்னுச்சுன்னு கேளுங்க."

பாய் கேட்டார். அவர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். மலைக்கு முதல் வண்டி வந்தபோது கடைசி ஸ்டேஜ் அந்தப் பாறைதான். ஏழு மாதம் அங்கேதான் போய்த் திரும்பியது. முதல் நடத்துநரே அவர்தான். முப்பது வயது வாலிபர். வேங்கையடியிலிருந்து சீத்தாப்பழக் கூடையோடு பெரம்பலூர் சந்தைக்குப் போக ஒரு பெண் வருவாள். பாறை வரைக்கும் ஏறி வர முடியாமல் பலா மரத்தடியிலிருந்து கை காட்டுவாள். ஒரு நாள் நிறுத்தினார். மறுநாளும் நிறுத்தினார். பிறகு டிரைவரிடம் சொல்லி வண்டியை அங்கேயே திருப்பச் சொல்லிவிட்டார்.

"மேல போயித் திரும்பலன்னா அஞ்சு நிமிஷம் மிச்சமாவுங்க. அந்த அஞ்சு நிமிஷம் மரத்தடியில நின்னு அவகூடப் பேசுவேன். டிரிப் சீட்டுல மட்டும் பாறை, பாறைன்னே எழுதினேன். எனக்கு அப்புறம் வந்த கண்டக்டருங்களும் நான் நிறுத்துன எடத்துலயே நிறுத்திட்டாங்க. அது ஊரு வழக்கம் இல்லீங்க. நான் பொண்ணு பாத்த வழக்கம். மேல ஊருன்னு ஒண்ணு இருக்கே, அவங்க நடக்கணுமேன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல. ஆண்டாயி, தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுரு."

சோற்றுத் தூக்கோடு கதவருகே நின்ற மருதாயி அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, "அய்யய்யோ, இந்த மனுசனுக்கு வாயில ஒரு பூட்டு இல்லையே!" என்றார். முத்துசாமி எழுந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நாங்கள் நடுங்கினோம்.

"அட மச்சான்! எந்தங்கச்சிக்காகவா கவருமெண்டு பஸ்ஸ நிறுத்துன? நான் பெரியவங்க பாத்து முடிச்ச சம்பந்தம்னுல்ல முப்பத்தஞ்சு வருஷமா பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியறேன்!"

முதலில் சிரித்தது ஆண்டாயிதான். அப்புறம் கிடங்கின் கூரை அதிரும்படி இரண்டு ஊரும் சிரித்தது. சிரித்து ஓய்ந்தபின் முத்துசாமியே சொன்னார்: "எழுதிக்குங்கய்யா, பாறையிலயே கட்டுங்க. எங்களுக்கும் காலு இருக்கு." பாய் அதையே தீர்ப்பாக எழுத வைத்தார். இன்று அந்தப் பாறையருகே நிழற்குடை நிற்கிறது. வண்டியும் அங்கேதான் திரும்புகிறது.

அவரோ சிரிக்கவில்லை. தம்மைப் பதவியிலிருந்து நீக்கி, தண்டனையும் தர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நீக்க முடியாது என்றார் பாய். தண்டனையை நர்சம்மா சொன்னார், அதுவும் தம் தொழிலுக்கேற்ற தண்டனை! "மன்றம் கூடுற நாள்ல பலா மரத்துலேருந்து நாவலூத்து வரைக்கும் ஒரு தடவை ஏறி எறங்குங்க. யாரு மூட்டையாச்சும் வாங்கித் தூக்கிட்டுப் போங்க. ஒரு வருஷம். சர்க்கரைக்கும் நல்லது." ஓராண்டு முடிந்தது. அவர் நிறுத்தினாரா? மூன்றாண்டாய் இன்றைக்கும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார். கூடை தூக்கும் நீதியாளரைக் குன்றெங்கும் தேடினாலும் வேறெங்கே காண்போம்!

எல்லாரும் கலைந்தபின் கீதாஞ்சலி அம்மையார் நோட்டை மூடிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"சார், நீங்க சட்டம் ஏதாவது படிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. ஸ்டேஜ் பேருங்கதான் மனப்பாடம்."

"யாரும் உங்களைக் கேக்கவே இல்லையே. ஏன் சொன்னீங்க?"

"கண்டக்டருக்குத் தெரியும்மா, வண்டியில ஏறாம நிக்கற ஆளு யாருன்னு. தெரிஞ்சுக்கிட்டே விசில் அடிக்க முடியாது."

அம்மையாரின் அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தது. மூவரும் தொடரலாம், தொழில் சொல்லும் வழக்கத்தை எக்காரணம் கொண்டும் கைவிடக் கூடாது என்று எழுதியிருந்தார். அடுத்த முறை பார்வையாளராக வந்தபோது, யாரும் சொல்லாமலே பின்வரிசையில் எழுந்து நின்றார். "நான் வக்கீல். எதிராளி சொல்றதை நம்பாம இருந்தே பழக்கம். அந்தச் சாய்வு எனக்கு இருக்கு" என்று உரக்கச் சொன்னார். நம்மவர் மகிழ்ந்துபோய், "உள்ள வாங்கம்மா, முன்னாடி எடம் இருக்கு" என்று அழைத்து உட்கார வைத்தார். அந்த வக்கீலம்மாதான் இன்று மூன்றாவது வரிசையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

எழுபது வயது நிறைந்தால் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும் என்பது மன்ற விதி. நாளையோடு அவருக்கு நிறைகிறது. இந்த வேறு எவரோ ஒருவரின் கதை இங்கே முடிகிறது.

ஐயா, இனிமேல் உங்களிடமே பேசுகிறோம். எழுந்திருக்காதீர்கள்.

பதினோரு ஆண்டுகள் நீங்கள் எங்களைக் கைநீட்டி மிரட்டியதில்லை. ஒருமையில் அழைத்தபோதும் உரிமையோடு அழைத்தீர்கள். எங்களில் ஒருத்தி தாமதமாக ஓடி வந்த நாட்களில், கோபம் வரும் என்று சொன்ன நீங்களே வாசலைப் பார்த்தபடி வழக்கை நிறுத்தி வைத்திருந்தீர்கள். உங்களை நினைத்தால் எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது. நீங்கள் இல்லாத வியாழக்கிழமையை நினைத்தால் அழுகை வருகிறது. மறைப்பானேன்! நோயின்றி, நொடியின்றி, முட்டிவலி முற்றுமின்றி, மருதாயி அம்மாவோடு மகிழ்ந்து, மக்கள் பேரர் மனம் நிறைய, நூறாண்டைத் தாண்டியும் நீங்கள் நலமாக வாழ வேண்டும். மலைமேல் மழை பெய்ய, மரமெல்லாம் சீத்தாப்பழம் காய்க்க, நீங்கள் ஏறும் ஏற்றமெல்லாம் இலகுவாக வேண்டும். வேங்கையடியிலிருந்து பலாப்பழம் வந்திருக்கிறது. நாவலூற்றிலிருந்து ஆண்டாயி ஒரு தேன் புட்டி கொடுத்தனுப்பவில்லை. தானே எடுத்து வந்து, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்று மருமகள் உட்கார்ந்து உட்கார்ந்து சுமந்து இறங்கிய பிள்ளைதான் அது.

எங்கே ஏறினீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்க மாட்டோம்.

ஒரே ஒரு விண்ணப்பம். இந்த மன்றத்தில் நீங்கள் ஒருநாளும் அடிக்காத ஒன்றை இன்று அடிக்க வேண்டும். தலை எண்ணிவிட்டோம், ஐயா. நர்சம்மா இருக்கிறார். பாய் இருக்கிறார், ஆசைப்பட்டபடி இன்று ஜமுக்காளத்தில். உங்கள் மச்சான் இருக்கிறார். வேங்கையடி இருக்கிறது, நாவலூற்று இருக்கிறது. ஓடி வருகிறவர் யாரும் பாக்கியில்லை. சாலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

எல்லாரும் ஏறியாச்சு. ரெண்டு விசில் அடிங்க, ஐயா.

என்றும் தங்கள் அன்பு மறவாத,
சிந்து (மடல் வரைந்தவர்), கோகுலகிருஷ்ணன், கலையரசன்
மற்றும் மன்றப் பணியாளர் அனைவரும்
பச்சைமலைப் பழங்குடி மக்கள் இணக்க மன்றம், பெரம்பலூர் மாவட்டம்